“அவன் பழைய திருடன் சார்” என்றால் கோர்ட் ஏன் காதைப் பொத்திக்கொள்கிறது?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்கா, போன வாரம் கோர்ட்டுக்குப் போய் சாட்சி சொல்லிவிட்டு வந்ததிலிருந்து ஒரே கோபமாக இருக்கிறார். விஷயம் இதுதான். போன வருஷம் ஒரு ராத்திரி கடையை எடுத்துவைத்துவிட்டு வீட்டுக்கு நடந்து வரும்போது, ஒரு பையன் கையிலிருந்த செல்போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான். போன் அப்புறம் ஒரு பழைய போன் கடையில் கிடைத்தது, பையனையும் பிடித்தார்கள், கேஸ் நடக்கிறது. கூண்டில் ஏறிய அக்கா, “இவன் இன்னா புதுசாவா அறுக்குறான் சார், ஏற்கெனவே ரெண்டு வாட்டி உள்ள போய்ட்டு வந்தவன், ஏரியாவுக்கே தெரியும்” என்று ஆரம்பித்திருக்கிறார். மாஜிஸ்ட்ரேட் கையைக் காட்டி நிறுத்தி, “அதெல்லாம் வேணாம்மா, அன்னைக்கு என்ன நடந்துச்சோ அதை மட்டும் சொல்லுங்க” என்றாராம்.

“உண்மையச் சொன்னா வேணாம்ன்றாரு. அப்புறம் எதுக்குப்பா சத்தியம் வாங்குறாங்க?” என்று என்னைப் பிடித்துக்கொண்டார். நான் சட்டம் படித்தவன் என்பது தெருவுக்குத் தெரியும், அதனால் வரும் தொல்லை.

கேள்வி நியாயமானது. ஒருவன் ஏற்கெனவே தண்டனை வாங்கியவன் என்பது உண்மையாகவே இருக்கட்டும், கோர்ட் ரெக்கார்டிலேயே இருக்கட்டும். அதை ஏன் புதுக் கேஸில் சாட்சியமாகச் சொல்லக் கூடாது?

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 49-ஆம் பிரிவு, பழைய இந்திய சாட்சியச் சட்டத்தில் 54-ஆம் பிரிவாக இருந்தது. குற்ற வழக்கில் எதிரி கெட்ட நடத்தை உள்ளவர் என்பது விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது, அவ்வளவுதான் அதன் சாரம். (நம் கோர்ட் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ‘எதிரி’ என்றுதான் பெயர், சண்டைக்காரன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.) முன்பு வாங்கிய தண்டனை என்பது கெட்ட நடத்தைக்கான சான்று என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. ஆக, கெட்ட நடத்தையை எப்போது உள்ளே விடலாமோ அப்போதுதான் முன் தண்டனையும் அந்தக் கதவு வழியாக வரலாம். இரண்டும் ஒன்றாகக் கட்டப்பட்டவை.

சுவாரசியம் என்னவென்றால் இது ஆரம்பத்திலிருந்தே இப்படி இல்லை. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்ற இங்கிலாந்துச் சட்ட நிபுணர் எழுதிக் கொடுத்து 1872-இல் வந்த மூலச் சட்டத்தில், முன் தண்டனை சம்பந்தமுள்ள விஷயம் என்றுதான் இருந்தது. அந்தக் காலத்தில் அக்கா கூண்டில் ஏறியிருந்தால் தாராளமாகச் சொல்லியிருக்கலாம். 1891-இல்தான் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டு இப்போதைய வடிவத்தைப் போட்டார்கள். பத்தொன்பது வருஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு மாற்றியிருக்கிறார்கள் என்றால், ஏதோ இடித்திருக்க வேண்டும் இல்லையா?

என்ன இடிக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நம் ஏரியாவில் பிடுங்கல், திருட்டு என்று தண்டனை வாங்கியவர்கள் நாற்பது பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம் (உதாரணத்துக்குத்தான், எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை). அக்காவின் போனைப் பிடுங்கியது ஒருவன். அவன் அந்த நாற்பதில் ஒருவன் என்றே ஒப்புக்கொண்டாலும், மீதி முப்பத்தொன்பது பேர் அந்த ராத்திரி வேறெங்கோ இருந்திருக்கிறார்கள், தூங்கியிருக்கிறார்கள், காசிமேட்டில் லோடு ஏற்றியிருக்கிறார்கள். ‘பழைய திருடன்’ என்ற அடையாளம் நாற்பது பேருக்கும் அப்படியே பொருந்துகிறது. அந்த ஒருவன் யார் என்பதை அது சொல்லவே சொல்லாது. ஆனால் காதில் விழுந்ததும் நம் மனசு என்ன செய்கிறது? “அப்போ இவன்தான்” என்று உடனே முடிச்சுப் போட்டுவிடுகிறது. கொஞ்சம் சான்று, நிறைய பாதிப்பு. இந்த வித்தியாசம்தான் சட்டத்துக்குப் பயம்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. புகார் வந்ததும் போலீஸ் முதலில் எங்கே தேடும்? ஸ்டேஷனில் இருக்கும் பழைய ஆட்களின் பட்டியலில். அதில் தப்பில்லை, புலனாய்வு என்றால் எங்கேயாவது ஆரம்பிக்கத்தானே வேண்டும். ‘கேடி’ என்று நாம் திட்டுகிற வார்த்தையே போலீஸ் பதிவேட்டில் இருந்த ‘நோன் டெப்ரடேட்டர்’ (Known Depredator, தெரிந்த கொள்ளைக்காரன்) என்பதன் முதலெழுத்துகள் என்று சொல்வார்கள். சரி, அந்தப் பட்டியலில் இருக்கிற பத்துப் பேர் போட்டோவை அக்காவிடம் காட்டுகிறார்கள் என்று வையுங்கள். அக்கா யாரைக் காட்டினாலும் அவன் பழைய ஆளாகத்தான் இருப்பான், ஏனென்றால் ஆல்பத்தில் வேறு யாரும் இல்லையே! இப்படிப் பிடிபட்டவனைக் கோர்ட்டில் நிறுத்தி, “பாருங்கள், இவன் பழைய ஆள், அதனால் இவன்தான் செய்திருப்பான்” என்று சொன்னால், எந்தக் காரணத்துக்காக அவனைத் தேடிப் போனார்களோ அதே காரணத்தைச் சான்று என்று இன்னொரு தடவை எண்ணுகிறோம். ஒரே மீனை இரண்டு தராசில் போட்டு இரண்டு கிலோ என்று சொல்வது மாதிரி.

வட சென்னைக்காரர்களுக்கு இது புரிய அதிக நேரம் ஆகாது. வியாசர்பாடி என்றோ புளியந்தோப்பு என்றோ அட்ரஸ் சொன்னதும் வேலைக்கு எடுப்பவர் முகம் மாறுவதைப் பார்த்தவர்கள் நாம். ‘அந்த ஏரியாக்காரன்’ என்பதை வைத்து நம்மை எடை போட்டால் நமக்குக் கோபம் வருகிறது, ‘அந்தப் பையன்’ என்பதை வைத்து எடை போட நமக்கே கை நீளுகிறது. அக்காவிடம் இதைச் சொன்னேன், அவருக்குப் பிடிக்கவில்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். டிவியில் “இவர் மீது 20 வழக்குகள் உள்ளன” என்று போடுகிறார்களே, அது முன் தண்டனை கிடையாது. எஃப்.ஐ.ஆர். என்பது போலீஸ் எழுதிய முதல் தகவல். குற்றப்பத்திரிகை என்பது போலீஸின் முடிவு. கோர்ட் விசாரித்து ‘குற்றவாளி’ என்று தீர்ப்பு சொன்னால்தான் தண்டனை. 20 கேஸ் இருந்து 20-லும் விடுதலையானவனுக்கு முன் தண்டனை பூஜ்யம். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 110-ஆம் பிரிவில் போட்டு நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கியது, ஸ்டேஷனில் பெயரைப் போட்டுக் கண்காணிக்க ஹிஸ்டரி ஷீட் திறந்தது, குண்டாஸில் உள்ளே வைத்தது, இவை எதுவும் தண்டனைக் கணக்கில் வராது. தூக்குத் தண்டனை அளவுக்குப் போன ஒரு வழக்கில், 2018-இல், ராஜேந்திர பிரகலாத்ராவ் வாஸ்னிக் வழக்கில், நிலுவையில் இருக்கும் மற்ற வழக்குகளை எதிரியின் கெட்ட பின்னணி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லித் தூக்கை ஆயுளாக மாற்றியது. கேஸ் வேறு, தண்டனை வேறு. நம் தெருப் பேச்சில் இரண்டையும் கலந்துகட்டி அடிக்கிறோம்.

சரி, எப்போதுமே பழசைப் பேசக் கூடாதா என்றால், அப்படி இல்லை. இங்கேதான் விஷயம் கொஞ்சம் நுணுக்கமாகிறது, நிதானமாகப் படியுங்கள்.

அக்கா கடையில் ஒருவன் 500 ரூபாய் கள்ளநோட்டைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நோட்டைக் கொடுத்தது அவன்தான், அதை அவனே மறுக்கவில்லை. “கள்ளநோட்டுன்னு எனக்குத் தெரியாது சார், எவனோ என் தலையில கட்டிட்டான்” என்கிறான். இப்போது வழக்கின் ஒரே கேள்வி அவன் மனசுக்குள் என்ன இருந்தது என்பதுதான். இதே வேலைக்காக அவன் முன்பே தண்டனை வாங்கியிருந்தால், அது ‘தெரியாது’ என்ற கதையை நேராகத் தொடுகிறது. சட்டத்திலேயே போலிப் பணத்தை வைத்து இதே போன்ற ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். பழைய சட்டத்தில் 14, இப்போது 12-ஆம் பிரிவு. அறிவு, நோக்கம், கெட்ட எண்ணம் போன்ற மனநிலையைக் காட்டப் பழைய செயலைக் கொண்டுவரலாம். ஆனால் “இவன் பொதுவாகவே ஏமாற்றுக்காரன்” என்று காட்டக் கொண்டுவர முடியாது. எந்த மனநிலை இந்த வழக்கில் கேள்வியாக இருக்கிறதோ அதைக் குறிப்பாகத் தொட வேண்டும்.

அடுத்த பிரிவில் (பழைய 15, புதிய 13) இருக்கும் உதாரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒருவன் இன்சூரன்ஸ் பணத்துக்காகத் தன் வீட்டுக்குத் தானே தீ வைத்தான் என்று வழக்கு. அவன் ‘தற்செயலாகப் பிடித்த தீ’ என்கிறான். ஆனால் அதற்கு முன் அடுத்தடுத்துப் பல வீடுகளில் குடியிருந்திருக்கிறான், ஒவ்வொன்றையும் இன்சூர் செய்திருக்கிறான், ஒவ்வொன்றும் எரிந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கம்பெனியில் பணம் வாங்கியிருக்கிறான். ஒரு வீடு எரிந்தால் விபத்து, வரிசையாக எரிந்தால்? இதில் அவன் நல்லவனா கெட்டவனா என்று யாரும் கேட்கவில்லை. தற்செயல் என்பது இத்தனை தடவை நடக்குமா என்றுதான் கேட்கிறோம்.

இங்கிலாந்தில் 1915-இல் நடந்த ஜார்ஜ் ஜோசப் ஸ்மித் வழக்கும் இதே ரகம்தான். அவன் ‘கல்யாணம்’ செய்துகொண்ட மூன்று பெண்கள், 1912, 1913, 1914 என்று வருஷத்துக்கு ஒருவராகக் குளியல் தொட்டியில் மூழ்கி இறந்துபோனார்கள். மூன்று சாவிலும் அவனுக்குப் பணம் வர வழி இருந்தது. வழக்கு முதல் பெண்ணின் கொலைக்கு மட்டும்தான், ஆனால் மற்ற இரண்டு சாவையும் சாட்சியமாக அனுமதித்தார்கள். தொட்டியில் ஒருவர் மயங்கி மூழ்கலாம், நம்பலாம். மூன்று பேர், மூவரும் ஒரே ஆளின் மனைவிகள்? அவனைத் தூக்கில் போட்டார்கள். கவனியுங்கள், அந்த இரண்டு சாவுக்கும் அவன் தண்டனை வாங்கியிருக்கவில்லை. ஆகவே இங்கே உள்ளே வருவது ‘தண்டனை’ என்ற முத்திரை இல்லை, நடந்த சம்பவம்.

இப்போது அக்கா கேஸுக்குத் திரும்புங்கள். “நான் பிடுங்கவே இல்லை, நான் அங்கேயே இல்லை” என்கிறான் பையன். மனநிலை பற்றிய கேள்வியே இல்லை, தற்செயல் என்ற கதையும் இல்லை. ஆள் அவன்தானா என்பது மட்டும்தான் கேள்வி. அதற்குப் பழைய தண்டனை எந்த வகையிலும் உதவாது. அதனால்தான் மாஜிஸ்ட்ரேட் கையைக் காட்டினார்.

எதிரியே கதவைத் திறந்துவிடும் சந்தர்ப்பமும் உண்டு. தன் நல்ல நடத்தையைச் சாட்சியமாகக் காட்ட எதிரிக்கு உரிமை இருக்கிறது (47-ஆம் பிரிவு). ஆனால் வக்கீல் ஆர்வக்கோளாறில் ஒரு சாட்சியை ஏற்றி “இந்தப் பையன் எறும்பைக்கூட மிதிக்க மாட்டான்” என்று சொல்லவைத்துவிட்டால், அரசுத் தரப்பு எழுந்து பழைய தீர்ப்பின் நகலை எடுத்து நீட்டலாம். விவரம் தெரிந்த சீனியர்கள் பழைய கேஸ் உள்ள கட்சிக்காரருக்கு நற்சான்றிதழ் சாட்சி போடவே மாட்டார்கள்.

சாதாரண சாட்சிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். “நீங்க இதுக்கு முன்னாடி தண்டனை வாங்கியிருக்கீங்களா?” என்று சாட்சியைக் குறுக்கு விசாரணையில் கேட்கலாம், இல்லை என்று மறுத்தால் ரெக்கார்டைக் காட்டவும் சட்டம் இடம் தருகிறது. அமெரிக்காவில் இது எதிரிக்கே பெரிய தலைவலி. அங்கே எதிரி கூண்டில் ஏறித் தன் கதையைச் சொன்னால், அவன் பேச்சை நம்பலாமா என்று காட்டும் சாக்கில் பழைய தண்டனைகளை எடுக்க விதி இருக்கிறது, பயந்துகொண்டு வாயே திறக்காமல் இருப்பவர்கள் உண்டு. இங்கிலாந்து 2003-இல் ஒரு சட்டம் போட்டுக் கதவை இன்னும் அகலமாகவே திறந்துவிட்டது. நம்மூரில் எதிரி பெரும்பாலும் கூண்டில் ஏறுவதில்லை, சத்தியம் வாங்காமல் நீதிபதி கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதோடு சரி, அதனால் இந்தச் சிக்கல் இங்கே அபூர்வம்.

“அப்போ அந்த ரெண்டு தண்டனையும் சும்மா போச்சா?” என்றார் அக்கா. போகாது. அதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது.

முதலில் இந்த வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் பழைய கட்டைப் பிரிப்பார்கள். உதாரணமாக சாதாரணத் திருட்டுக்கு மூன்று வருஷம் வரை தண்டனை. இரண்டாவது தடவை அதே பிரிவில் மாட்டினால் குறைந்தது ஒரு வருஷம், அதிகம் ஐந்து வருஷம். பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 13-ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. மூன்று வருஷமோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கக்கூடிய சொத்துக் குற்றத்துக்கு ஒரு தடவை தண்டனை வாங்கியவன், மறுபடி அதே தரத்துக் குற்றம் செய்தால் பத்து வருஷம், ஏன் ஆயுள் வரைக்கும்கூடப் போகலாம். இப்படிக் கூடுதல் தண்டனை கேட்பதானால் முன் தண்டனையின் விவரம், தேதி, இடம் எல்லாவற்றையும் குற்றச்சாட்டிலேயே எழுத வேண்டும். ஆனால் எழுதி வைத்ததைப் படிக்கக் கூடாது! குற்றவாளி என்று முடிவாகும் வரை அந்தப் பகுதியை நீதிபதி வாசிக்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறாயா என்று எதிரியிடம் கேட்கக் கூடாது, அரசுத் தரப்பும் அதன் சாட்சிகளும் வாயெடுக்கக் கூடாது. செஷன்ஸ் கோர்ட்டுக்கும் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கும் தனித்தனியாக இதை எழுதி வைத்திருக்கிறார்கள். பூட்டிய டிபன் பாக்ஸை மேஜை மேல் வைத்துக்கொண்டு விசாரணை நடத்துகிற மாதிரி.

திறக்கும்போதும் “ஏரியாவுக்கே தெரியும்” என்பது செல்லாது. பழைய கோர்ட் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும், அல்லது ஜெயில் அதிகாரி கையெழுத்திட்ட சான்று மாதிரி ஏதாவது வேண்டும், கூடவே அன்று தண்டனை வாங்கியவனும் இன்று நிற்பவனும் ஒரே ஆள்தான் என்பதற்கும் சான்று வேண்டும். ஒரே பெயரில், ஒரே அப்பா பெயரில் ரெண்டு பேர் இருக்கும் தெருக்கள் நம்மிடம் எத்தனை!

இதையெல்லாம் படித்துவிட்டு, நம் கோர்ட் எதிரியின் பழசைத் தொடவே தொடாது என்று நினைத்துவிட வேண்டாம். விசாரணை என்ற ஒரு அறையில் மட்டும்தான் அது பூட்டியிருக்கிறது. ஜாமீன் மனுவுக்கு வாருங்கள், “இவர் மீது ஏற்கெனவே வழக்குகள் உள்ளன, வெளியே விட்டால் மறுபடி செய்வார்” என்றுதான் ஏ.பி.பி., அதாவது அரசுத் தரப்பு வக்கீல், ஆரம்பிப்பார். அது செல்லும், ஜாமீன் பிரிவே முன் தண்டனையைப் பார்க்கச் சொல்கிறது. குண்டர் சட்டத்துக்கு, அதாவது 1982-ஆம் வருஷத்து 14-ஆம் சட்டத்துக்கு வாருங்கள், அங்கே பழைய வழக்குகளே அடிப்படை. வக்கீல்கள் ‘அட்வர்ஸ் கேஸ்’ என்பார்கள், அவற்றை வரிசையாக அடுக்கி, கடைசியாக ஒரு ‘கிரவுண்ட் கேஸ்’ வைத்து, கோர்ட் விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை புழல் ஜெயிலில் வைக்க முடியும். தண்டனையே ஆகாத கேஸ்கள் அங்கே ஆளை உள்ளே வைக்கப் போதும், விசாரணையிலோ உறுதியான தண்டனையைக்கூடச் சொல்லக் கூடாது. இதில் இருக்கும் முரண் எனக்கு இன்னும் செரிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு உறுத்தலும் உண்டு. இந்த விதியை ஜூரிகளுக்கு, அதாவது குற்றவாளியா இல்லையா என்று சொல்ல உட்காரவைக்கப்படும் பொதுஜனங்களுக்கு, பயந்து செய்தது என்பார்கள். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ்.கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்று சொன்னது சென்னை ஜூரிதான், பிறகு 1947-இல் இருவரும் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். சாதாரண ஜனங்கள் மனசு தடுமாறும், அதனால் பழசை மறைப்போம் என்பது வாதம். இப்போது ஜூரி இல்லை, நீதிபதி மட்டும்தான். ஜாமீன் மனுவில் பழைய கேஸ் எல்லாவற்றையும் படித்த அதே மாஜிஸ்ட்ரேட், பல நேரம் அதே வழக்கை விசாரிக்கவும் செய்கிறார். படித்ததை மறந்துவிடுவாரா? மறக்க முடியாதுதான். ஆனால் தீர்ப்பில் காரணம் எழுத வேண்டும். ‘இவன் பழைய குற்றவாளி, ஆகவே நம்புகிறேன்’ என்று ஒரு வரி எழுதினால் அப்பீலில் அந்த வரியைப் பிடித்து உலுக்குவார்கள். அதை எடுத்துவிட்டாலும் மீதிச் சாட்சியம் நிற்கிறதா என்று மேல் கோர்ட் பார்க்கும். நின்றால் தண்டனை நிற்கும், இல்லாவிட்டால் பையன் வெளியே. அதாவது அக்கா ஆத்திரத்தில் சொன்னதைப் பதிவு செய்திருந்தால் அது அக்காவுக்கே வினையாகியிருக்கலாம்.

இவ்வளவும் சொல்லி முடித்ததும் அக்கா மாவுக் கரண்டியைக் கழுவிக்கொண்டே, “சரி, அடுத்த வாய்தாவுக்கு அவன் வக்கீல் இன்னா கேப்பான்?” என்றார். குறுக்கு விசாரணை இன்னும் பாக்கி.

“ராத்திரி பத்தரை மணிக்கு, ஓடுற ஆளை, அவன் மூஞ்சிய எப்படிப் பார்த்தீங்கன்னு கேப்பாங்கக்கா. அந்தத் தெருவுல லைட் எரியலைன்னு சொல்லுவாங்க.”

“லைட் எரியலையா? ஆடி மாசம்பா அது. மறுநாள் அம்மனுக்குக் கூழ் ஊத்துறாங்க, கோயில்லேர்ந்து எங்க வீடு வரைக்கும் சீரியல் லைட், டியூப் லைட்டு, பட்டப்பகல் மாதிரி இருந்துச்சு. புடுங்குறப்ப என் மூஞ்சிக்கு நேரா நின்னான், நெத்தியில இந்தப் பக்கம் தழும்பு.”

“இதைக் கோர்ட்டுல சொன்னீங்களா?”

“எங்க சொல்றது? அவன் பழைய திருடன்னு சொல்றதுக்குள்ளதான் நிறுத்திட்டாரே.”